அட்டையில் நிற்கும் கச்சேரி: பெங்களூர் அரசுக் கட்டடங்களும் பழைய பட அஞ்சலட்டைகளும்

பழைய பெங்களூரின் பட அஞ்சலட்டைகளைத் தேடுவோர் கண்ணில் மீண்டும் மீண்டும் படும் கட்டடம் ஒன்று உண்டு. நீண்டு கிடக்கும் இரண்டு மாடி, அயோனியத் தூண்கள் தாங்கும் முகப்பு, முன்னே வெறிச்சோடிய பாதை. படத்தின் கீழே ஆங்கிலத்தில் 'பப்ளிக் ஆபீசஸ், பெங்களூர்' என்று அச்சிட்டிருப்பார்கள். ஊர்மக்கள் அதை அப்படி அழைத்ததில்லை. அவர்களுக்கு அது அட்டாரா கச்சேரி. 'அட்டாரா' என்றால் இந்துஸ்தானியில் பதினெட்டு. பதினெட்டு அலுவலகங்கள் கூடிய இடம் என்பது பொருள். இன்று அது கர்நாடக உயர்நீதிமன்றம். கச்சேரி என்றதும் நமக்குச் சபாவும் தம்புராவும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் பாட்டன்மார் 'கச்சேரிக்குப் போயிருக்கிறான்' என்று சொன்னால், ஆள் வழக்குக்கோ வரிப்பிரச்சினைக்கோ அலைகிறான் என்றுதான் அர்த்தம்.

அரசுக் கட்டடங்களின் பழைய அஞ்சலட்டைகளைச் சேகரிப்பது இன்று ஒரு பொழுதுபோக்காகவும் சிறு வணிகமாகவும் வளர்ந்திருக்கிறது. அதை வரலாற்று மாணவனாகப் பார்க்கும்போது எனக்கு எழும் கேள்வி வேறு. இந்த அட்டைகள் எதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன, எதை வெளியே தள்ளிவிட்டன? பெங்களூரை வைத்து இதைப் பேசுவது தமிழ் வாசகர்களுக்குப் பொருத்தமானது. காரணம் போகப்போகத் தெரியும்.

முதலில் கட்டடம். 1831-இல் மைசூர் அரசை ஆங்கிலேயர் தம் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டனர். அதன்பின் நிர்வாகம் பெங்களூருக்கு நகர்ந்தது. நீண்ட காலம் ஆணையராக இருந்த மார்க் கப்பன் 1834 முதல் 1861 வரை ஆட்சி நடத்தினார். அப்போது அரசு அலுவலகங்கள் இயங்கியது கோட்டைக்குள், திப்பு சுல்தானின் மர அரண்மனையில். வெற்றி கொண்டவனின் கோப்புகள் தோற்றவனின் கொலுமண்டபத்தில் அடுக்கப்பட்டிருந்தன என்று சொல்லலாம். இடம் போதவில்லை, கட்டடமும் பழுதடைந்து வந்தது. அடுத்து வந்த ஆணையர் லெவின் பௌரிங் காலத்தில், 1864-இல் புதிய அலுவலகக் கட்டடத்தின் பணி தொடங்கி 1868-இல் முடிந்தது. மேற்கே பழைய பேட்டை, கிழக்கே 1809 முதல் வளர்ந்த கன்டோன்மென்ட். இரண்டுக்கும் நடுவே இந்தக் கட்டடம். அதைச் சூழ்ந்த வெளியில் 1870-இல் பூங்கா அமைக்கப்பட்டது. முதலில் மீட்ஸ் பார்க், பிறகு கப்பன் பார்க். பூங்காவை வகுத்தவர் மைசூரின் தலைமைப் பொறியாளராயிருந்த ரிச்சர்ட் சாங்கி.

கட்டடத்தை எழுப்பிய ஒப்பந்தக்காரர் ஒரு தமிழர். 1827-இல் பிறந்த ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். பெயரிலேயே ஊர் இருக்கிறது. வறிய நிலையிலிருந்து கன்டோன்மென்ட்டின் வணிகத்தில் உயர்ந்தவர். அட்டாரா கச்சேரியின் ஒப்பந்தம் அவருக்குச் செல்வத்தையும் அரசாங்கத்தின் மதிப்பையும் ஒருசேரக் கொடுத்தது. அந்தச் செல்வத்தைக்கொண்டு 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அந்த அறநிலையம் இன்றும் ஆர்.பி.ஏ.என்.எம். என்ற எழுத்துகளில் அல்சூர்ப் பக்கம் கல்வி நிறுவனங்களை நடத்துகிறது. அந்த எழுத்துகளை விரித்தால் பட்டத்தோடு சேர்த்து அவர் பெயர்தான் வரும். அப்பள்ளிகளில் படித்தவர்களிலேயே பலருக்கு இது தெரியாது.

அட்டாரா கச்சேரியின் அட்டையில் நாராயணசாமி முதலியாரின் பெயர் இருக்காது. அட்டையின் வேலை அதுவன்று என்று சொல்லிவிடலாம், சரிதான். ஆனால் அட்டைகளை மட்டும் வைத்து நகரத்தின் கதையை எழுதுகிறவர்கள், அட்டை மறைத்ததையே தாமும் மறைக்கிறார்கள். 'சாங்கியின் கட்டடம்', 'பௌரிங்கின் பெங்களூர்' என்று எழுதும் வழக்கம் அவ்வாறுதான் நிலைத்தது. சுண்ணாம்பு குழைத்தவர்களும் கல் சுமந்தவர்களும் இருக்கட்டும். காசு போட்டு ஆள் சேர்த்து வேலையை முடித்துக் கொடுத்த ஒப்பந்தக்காரரின் பெயரே அடிக்குறிப்புக்குப் போய்விட்டது.

இனி அட்டைக்கு வருவோம். உலகில் அஞ்சலட்டை முதன்முதலில் வெளியானது 1869 அக்டோபரில், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில். இந்தியாவுக்கு அது 1879 ஜூலையில் வந்தது. விலை காலணா. படம் கிடையாது, ஒருபக்கம் முகவரி, மறுபக்கம் செய்தி. மைசூர் அரசுக்கு அப்போது 'அஞ்சே' என்ற சொந்தத் தபால் அமைப்பு இருந்தது. 1889-இல் அது இந்திய அஞ்சல் துறையோடு இணைக்கப்பட்டது. ஆகவே பட அட்டைகள் பரவிய காலத்தில் பெங்களூரிலிருந்து போன எல்லா அட்டையும் பேரரசின் தலை பொறித்த தபால்தலையோடுதான் போயின. அதிலும் ஒரு நுணுக்கம்: முத்திரையில் 'பெங்களூர் சிட்டி' என்றும் 'பெங்களூர் கன்டோன்மென்ட்' என்றும் இரு வகை வரும். அக்காலப் பெங்களூர் ஒன்றல்ல, இரண்டு. 1862-லேயே இரண்டு நகராட்சிகள். 1881-இல் மைசூர் மீண்டும் உடையார் மரபிடம் ஒப்படைக்கப்பட்டபோதும் கன்டோன்மென்ட் பகுதியை ஆங்கிலேயர் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். ரெசிடெண்டின் ஆட்சிக்கு உட்பட்ட அந்தப் பகுதி 1947 ஜூலையில்தான் மைசூருக்குத் திரும்பியது. இரு நகராட்சிகளும் ஒன்றானது 1949-இல். தபால் முத்திரையின் ஒரு சொல்லில் இவ்வளவு அரசியல் அடங்கியிருக்கிறது.

பட அஞ்சலட்டை என்னும் மோகம் ஏறத்தாழ 1900-க்குப் பின் உலகெங்கும் பரவியது. பெங்களூரின் காட்சிகளை அட்டையாக்கியவர்களில் முக்கியமானவர்கள் மெட்ராஸ்காரர்கள். 1844-இல் மெட்ராஸில் தொடங்கிய ஹிக்கின்பாதம்ஸ் 1905-இல் பெங்களூர் சவுத் பரேடில், அதாவது இன்றைய எம்.ஜி. ரோட்டில், கிளை திறந்தது. புத்தகக் கடையில் அட்டையும் விற்றார்கள். 'ஹிக்கின்பாதம் அண்ட் கோ, மெட்ராஸ் அண்ட் பெங்களூர்' என்று பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் காணலாம். மெட்ராஸின் வீல் அண்ட் க்ளைன் போன்ற புகைப்பட நிறுவனங்களும் தென்னிந்தியக் காட்சிகளை அட்டைகளாக்கி விற்றன. படம் எடுத்தது இங்கே. அச்சு பெரும்பாலும் ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில். கொலோடைப் என்ற கண்ணாடித் தகட்டு அச்சில் அன்று ஜெர்மானியரை விஞ்ச ஆளில்லை. முதல் உலகப்போர் வந்ததும் அந்தத் தொடர்பு அறுந்தது. அதற்குப் பின் வந்த அட்டைகளின் தரத்தைக் கண்ணால் பார்த்தே வேறுபடுத்தலாம். ஒரு பூதக்கண்ணாடி போதும்: கொலோடைப்பில் சாயம் மணல் தூவியதுபோல ஒழுங்கற்றுப் பரவியிருக்கும், பிற்காலப் புள்ளி அச்சில் செய்தித்தாள் படம்போல ஒழுங்கான புள்ளிகள் தெரியும்.

ஓர் அட்டையின் காலத்தைக் கணிப்பது சேகரிப்பாளனுக்கு மிகவும் பிடித்த வேலை. எனக்கும் அப்படியே. பின்பக்கத்தில் நடுக்கோடு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். தொடக்ககால அட்டைகளில் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது. செய்தியைப் படத்தின் ஓரத்து வெள்ளையில் நெருக்கி எழுதினார்கள். பிரிட்டன் 1902-இல் பின்பக்கத்தை இரண்டாகப் பிரித்துச் செய்தி எழுத இடம் கொடுத்தது. அமெரிக்கா 1907-இல்தான் அனுமதித்தது. மற்ற நாடுகள் இடையில் ஒவ்வொன்றாக மாறின. அடுத்தது தபால்தலை: ஏழாம் எட்வர்டின் தலை என்றால் 1902-க்குப் பின், ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911-க்குப் பின். முத்திரையில் தேதி தெளிவாக விழுந்திருந்தால் வேலை எளிது போலத் தோன்றும். தோன்றுவது மட்டுமே. முத்திரை சொல்வது அட்டை தபாலில் விழுந்த நாளை. படம் பிடித்த நாளை அன்று. ஒரே தகட்டிலிருந்து பல ஆண்டுகள் அட்டை அச்சிட்டு விற்றிருக்கிறார்கள். 1912-இல் அனுப்பிய அட்டையில் 1900-இன் பெங்களூர் நின்றிருக்கலாம்.

அதனால்தான் படத்துக்குள்ளேயே சாட்சி தேட வேண்டியிருக்கிறது. பெங்களூரில் அதற்கு நல்ல வசதி உண்டு. 1905 ஆகஸ்டில் நகரத் தெருக்களில் மின்விளக்கு வந்தது. சிவசமுத்திரத்தில் 1902-இல் தொடங்கிய நீர்மின் நிலையத்தின் மின்சாரம். முதலில் கோலார் தங்கவயலுக்கு, பிறகு பெங்களூருக்கு. படத்தில் மின்கம்பம் இருந்தால் அதற்கு முன் எடுத்த படமன்று. கப்பன் பார்க்கின் நுழைவில் விக்டோரியா சிலை இருந்தால் 1906 பிப்ரவரிக்குப் பிந்தியது; அன்றைய வேல்ஸ் இளவரசர், பின்னாளைய ஐந்தாம் ஜார்ஜ், அதைத் திறந்து வைத்தார். திவான் சேஷாத்ரி ஐயரின் சிலை தெரிந்தால் 1913 அல்லது அதற்குப் பின். அவர் நினைவு மண்டபம் முழுமையாகத் தெரிந்தால் 1915-ஐ ஒட்டி. அந்தச் சிவப்பு மண்டபத்தில்தான் இன்றும் மாநில மைய நூலகம் இயங்குகிறது. இப்படி ஒரு சிலை, ஒரு கம்பம், ஒரு மண்டபம் என்று நூல் பிடித்துப் போனால் காலம் ஐந்தாறு ஆண்டுக்குள் அடங்கிவிடும்.

மார்க் கப்பனின் குதிரைச் சிலையும் இந்தச் சாட்சிகளில் ஒன்று. மரோகெட்டி என்ற இத்தாலியச் சிற்பி 1866-இல் வடித்தது. கன்டோன்மென்ட்டின் அணிவகுப்புத் திடல் பக்கம் முதலில் நின்று, பின்னர் அட்டாரா கச்சேரி வளாகத்துக்கு வந்தது. நூறாண்டுக்கு மேல் அட்டைகளிலும் புகைப்படங்களிலும் கட்டடத்தோடு சேர்ந்தே காட்சியளித்த அந்தச் சிலை 2020 ஜூனில் அங்கிருந்து பெயர்த்துப் பூங்காவின் வேறொரு பகுதியில் வைக்கப்பட்டது. இனி வரும் ஆய்வாளர் ஒருவர் சிலை உள்ள படம், சிலை இல்லாத படம் என்று 2020-ஐயும் ஓர் எல்லைக்கோடாகக் கொள்வார்.

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். வண்ண அட்டைகளில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படத்தின்மேல் பின்னர் ஏற்றிய வண்ணம். ஏற்றியவர் லைப்சிக்கிலோ லண்டனிலோ உட்கார்ந்திருந்தவர். பெங்களூரைப் பார்த்தவர் அல்லர். அவர் விருப்பம்போல வானம் சிவக்கும், புல் ஆங்கிலேயப் பசுமையில் மின்னும், காவல்காரனின் தலைப்பாகை நிறம் மாறும். 'இந்தக் கட்டடம் அப்போது மஞ்சளாக இருந்தது' என்று ஓர் அட்டையைக் காட்டி வாதிடுவோரை இணையத்தில் அடிக்கடி காண்கிறேன். அட்டையின் நிறம் சாயக்காரனின் சாட்சி. அதற்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

எந்தெந்த அரசுக் கட்டடங்கள் அட்டையாயின என்று பார்த்தாலும் ஒரு கதை கிடைக்கிறது. அட்டாரா கச்சேரி, மேயோ ஹால், ரெசிடென்சி, அருங்காட்சியகம், மத்தியக் கல்லூரி, விக்டோரியா மருத்துவமனை. ரெசிடென்சி கப்பன் 1840-களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகை. இன்றைய ஆளுநர் மாளிகை. மேயோ ஹால் 1883-ஐச் சேர்ந்தது. 1872-இல் அந்தமானில் ஒரு கைதியால் குத்திக் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ பிரபுவின் நினைவாக எழுந்தது. சிறைத் தீவைப் பார்வையிடப் போய் உயிரிழந்தவரின் நினைவு மாளிகையில் பிற்காலத்தில் நீதிமன்றங்கள் நடந்தன என்பது வரலாறு செய்யும் குறும்பு. விக்டோரியா மருத்துவமனையை 1900 டிசம்பரில் கர்சன் திறந்து வைத்தார். இவற்றையெல்லாம் அட்டையில் அடுக்கிப் பார்த்தால் பெங்களூர் பூங்காவும் தூண்களும் மட்டுமே கொண்ட ஊர்போலத் தோன்றும். அல்சூரின் சந்துகளும், பிளாக்பள்ளியின் நெரிசலும், 1898-இல் ஊரைக் காலி செய்த பிளேக்கும் அந்த அடுக்கில் இல்லை. அட்டை வாங்கியவர் பெரும்பாலும் கன்டோன்மென்ட்டின் சிப்பாய், அவர் குடும்பம், பயணி. ஊருக்கு எழுதும்போது 'நான் இருக்கும் இடம் ஒழுங்கானது, பயப்படாதே' என்று காட்ட அவர்களுக்கு அரசுக் கட்டடம் உதவியது. அதற்கு மேல் அதைப் பற்றி அவர்கள் எழுதவும் இல்லை. பின்பக்கங்களை வாசித்தால் வானிலை, காய்ச்சல், அடுத்த கப்பல் தபால் இவைதான். சிலர் கட்டடத்தின் ஒரு சாளரத்தின்மேல் மையால் பெருக்கல் குறி போட்டு வைப்பதுண்டு.

அந்தக் கட்டடங்களுக்குள் உட்கார்ந்து ஆட்சி செய்தவர்களோ வேறு. 1881-க்குப் பின் அட்டாரா கச்சேரி மைசூர் மகாராஜாவின் அரசுக்கு உரியது. திவானின் நிர்வாகம் அங்கிருந்து நடந்தது. முதல் திவான் ரங்காசார்லு செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தவர். அடுத்து 1883 முதல் 1901 வரை பதினெட்டு ஆண்டுகள் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தவர். மெட்ராஸ் மாகாணத்தில் படித்து வந்த அதிகாரிகள் கச்சேரியை நிறைத்தனர். 'மைசூர் மைசூர்க்காரருக்கே' என்ற குரல் அதன் எதிர்விளைவாக எழுந்தது. அந்தக் குரலில் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். உள்ளூர் மக்கள் தம் நாட்டின் பதவிகளில் இடம் கேட்டார்கள். பெங்களூர்த் தமிழர் வரலாற்றை எழுதும் நம்மவர்கள் சேஷாத்ரி ஐயர் கொண்டுவந்த ஹெசரகட்டா குடிநீரையும் சிவசமுத்திர மின்சாரத்தையும் பெருமையோடு எழுதுவார்கள். இந்தப் பக்கத்தை இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள். அட்டைகள் மறைப்பதைக் குறைசொல்லும் நாம் இதையும் மறைக்கலாகாது.

அதே காலத்தில் பெங்களூர்த் தமிழர்கள் கடிதம் எழுதாமலா இருந்தார்கள்? எழுதினார்கள், காலணா கார்டில். படமற்ற அரசாங்கக் கார்டு. வேலூருக்கும் ஆர்க்காட்டுக்கும் சேலத்துக்கும் போன கார்டுகள். உபயக்ஷேமத்தில் தொடங்கி, கடன், கல்யாணம், மாடு, மழை என்று விளிம்பு வரை நிறைத்த எழுத்து. நல்ல செய்தியானால் மூலையில் மஞ்சள் தடவுவார்கள். சாவுச் செய்தி வந்தால் படித்த கையோடு கிழித்தெறிவார்கள். வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பது வழக்கம். மீதிக் கார்டுகள் கம்பியில் குத்தித் தொங்கி, தாழ்வாரத்தில் கரையான் அரித்து, அடுப்பெரிக்கப் போயின. 1922-இல் அரசாங்கம் கார்டின் விலையைக் காலணாவிலிருந்து அரையணாவாக இரட்டித்தது. ஏழை வீடுகளுக்கு அது சிறிய செய்தியன்று. அரையணாக் கார்டு எழுதும்போதும் பேச்சில் அது காலணாக் கார்டாகவே நீடித்தது.

இரண்டு வகை அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டடத்தின் படம் போட்ட அட்டை கடல் கடந்து போனது. அங்கே தோல் அட்டை போட்ட ஆல்பத்தில் செருகி, பேரப்பிள்ளை காலம்வரை அலமாரியில் இருந்தது. இன்று ஏலத்தில் நல்ல விலைக்கு இங்கே திரும்புகிறது. பெங்களூரின் பழைய அட்டைகளில் கணிசமானவை இப்படி இங்கிலாந்திலிருந்து வீடு திரும்பியவைதான். கட்டடத்தைக் கட்டியவர்களும் அதன் வாசலில் மனுவோடு காத்திருந்தவர்களும் எழுதிய கார்டு எங்கும் போகவில்லை, எங்கும் இல்லை. அதற்கு ஏலச் சந்தையில் விலையும் இல்லை. படத்தில் தூணருகே அளவுகாட்டும் உருவமாக ஒரு சேவகன் நிற்பான். அவன் எழுதியோ எழுதச் சொல்லியோ அனுப்பிய கார்டு ஒன்று கிடைத்தால் அட்டாரா கச்சேரியின் நூறு படங்களுக்கு ஈடாக அதை வைப்பேன்.

சுதந்திரத்துக்குப் பின் இந்தக் காட்சி வரிசையில் ஒரு புதுக் கட்டடம் நுழைந்து எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளியது. விதான சௌதா. 1951 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். முதலில் வரைந்த திட்டம் எளிமையானது. முதலமைச்சரான கெங்கல் ஹனுமந்தய்யா அதை மாற்றி, கருங்கல்லில் திராவிடக் கோயிற்கலையைத் தழுவிய பெருமாளிகையாக்கினார். ரஷ்யாவிலிருந்து வந்த குழுவொன்று, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'உங்கள் சொந்தக் கட்டடக்கலை என்று ஒன்று இல்லையா' என்று கேட்டதாகவும், அது அவர் மனத்தில் தைத்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ இல்லையோ, பழைய அட்டைகளை அடுக்கிப் பார்ப்பவனுக்கும் அதே கேள்விதான் எழும். திட்டத்தை நிறைவேற்றிய தலைமைப் பொறியாளர் பி.ஆர். மாணிக்கம், மீண்டும் ஒரு தமிழ்ப் பெயர். மல்லசந்திரா, ஹெசரகட்டா வட்டாரக் கல். ஆயிரக்கணக்கான தொழிலாளர்களோடு சிறைக்கைதிகளும் வேலை செய்தார்கள். 1956-இல் பணி முடிந்தது. செலவு பற்றிய சர்ச்சை அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே ஹனுமந்தய்யா பதவியை இழந்தார். தான் கட்டிய மாளிகையில் முதலமைச்சராக அமரும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

விதான சௌதா எழுந்த இடம் அட்டாரா கச்சேரிக்கு நேர் எதிரே. தலைமைச் செயலகம் சாலையைக் கடந்து புது வீட்டுக்குப் போயிற்று. பழைய கட்டடம் முழுக்க நீதிமன்றத்துக்கு ஆனது. அதன்பின் விற்ற வண்ண அட்டைகளில், விளக்கேற்றிய விதான சௌதாதான் பெங்களூர். கேமரா எதிர்ப்புறம் திரும்பவே இல்லை. காட்சியிலிருந்து மறைந்த கட்டடத்துக்கு வரும் ஆபத்து இதற்கும் வந்தது. 1980-களின் தொடக்கத்தில் அட்டாரா கச்சேரியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று அரசு எண்ணியது. ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், பொதுநல வழக்கு தொடுத்தார்கள். இருக்கட்டுமா இடிக்கட்டுமா என்ற அந்த வாதம் அதே கட்டடத்தின் கூரைக்குக் கீழேயே நடந்தது. கடைசியில் கட்டடம் தப்பியது. வழக்காடியவர்களுக்குப் பெங்களூர் நன்றி சொல்ல வேண்டும். எனினும் அந்த விவாதத்தில் பேசப்பட்டது பெரும்பாலும் தூணும் முகப்பும் பூங்காவின் அழகும். அட்டைகள் நூறாண்டாகப் பழக்கியிருந்த கண்ணோட்டம் அது. அந்தக் கண்ணோட்டம் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றியது என்பதையும் மறுக்க முடியாது. பழைய அட்டைகளைக் 'காலனியக் குப்பை' என்று ஒதுக்கும் நண்பர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இதுவும் காரணம்.

அறிவுலகம் இந்த அட்டைகளைப் பொருட்படுத்தத் தொடங்கியது அண்மையில்தான். 2018-இல் லண்டன் சோவாஸ் கல்விநிறுவனத்தின் புரூனை கலைக்கூடத்தில், மெட்ராஸிலிருந்து பெங்களூர் வரை என்ற தலைப்பில் ஒரு கண்காட்சி நடந்தது. எமிலி ரோஸ் ஸ்டீவன்சன், ஸ்டீபன் புட்னம் ஹியூஸ் இருவரும் தொகுத்தது. காலனியக் காலத்துத் தென்னிந்திய நகரங்களின் வரலாற்றை அட்டைகளைக் கொண்டே வாசிக்கலாம் என்பது அதன் அடிப்படை. அதே ஆண்டில் ஓமர் கானின் 'பேப்பர் ஜுவல்ஸ்' என்ற பெருநூலும் வெளிவந்தது. இந்திய அட்டைகளை வெளியிட்டவர்கள், அச்சிட்டவர்கள் வரலாற்றை ஊர் ஊராகத் தொகுத்த உழைப்பு அது. நம் பல்கலைக்கழகங்களில் இதற்கு இணையான தொகுப்பு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. தமிழ்க் காலணாக் கார்டுகளுக்கோ தொகுப்பு என்ற எண்ணமே இன்னும் எழவில்லை.

சேகரிப்போருக்குச் சில வேண்டுகோள்கள். தபால்தலைக்காக அட்டையை நீரில் ஊறவைக்காதீர்கள். தலை பிரிந்தால் முத்திரையும் தேதியும் இரண்டு துண்டாகும். ஒட்டுநாடா, ஒளியுறை ஒட்டுதல் இரண்டும் காகிதத்தைக் கொல்லும். அமிலமற்ற உறையில், வெயில் படாமல் வைத்தால் போதும். புதிதாக அச்சிட்டுத் தேநீர்க்கறை ஏற்றிய போலிகள் சந்தையில் உலவுகின்றன. படத்தில் ஒழுங்கான புள்ளிகள், பின்பக்கத்தில் வழவழப்பு, எழுத்தில் பேனா அழுந்திய தடம் இல்லாமை என்றிருந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர்கள் இணையத்தில் முன்பக்கத்தை மட்டும் போடுவது வழக்கம். பின்பக்கத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வரலாறு பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

பெங்களூர், கோலார் தங்கவயல், வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பரணில் தகரப்பெட்டி இருந்து, அதில் தாத்தாவின் கார்டுகள் மிஞ்சியிருந்தால், எடைக்குப் போடும் முன் இருபக்கமும் படம் எடுத்துவிடுங்கள். எழுத்து மங்கியிருந்தால் சாய்வான வெளிச்சத்தில் எடுத்தால் தெரியும். பெங்களூர் முத்திரை விழுந்த தமிழ்க் கார்டு, 1947-க்கு முந்தையது, எதுவானாலும் எனக்கு வேண்டும். கார்டை அனுப்ப வேண்டாம். அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். படம் போதும். வாசிக்க முடியாத மோடி எழுத்து, தெலுங்கு, உருது கலந்திருந்தாலும் தயங்காதீர்கள். வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். யார் வீட்டுக் கார்டு என்பதை உங்கள் அனுமதியில்லாமல் வெளியிட மாட்டேன். அட்டாரா கச்சேரியைப் பற்றி ஒரு வரி அதில் இருந்தால், ஒரு தேதிக்கு வாய்தா கிடைத்தது, ஒரு மனு தள்ளுபடியாயிற்று என்ற அளவில் இருந்தாலும், அன்றே எழுதுங்கள்.